கொட் மீனின் குடம்பிப் பருவமும் பிறப்புரிமை அடையாளங்களும்

1. முன்னுரை

1992 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆம் திகதி கனடிய அரசாங்கம் நியூபவுண்லாந்துத் தீவின் கிழக்குக்கரைக்கு அப்பாலுள்ள கடலில் கொட் மீன் பிடிப்பதைத் தடைசெய்தது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக நடைபெற்று வந்த ஒரு தொழில் அன்றோடு நின்றது. கடலிற் சென்றோரும், கரையிலுள்ள பதனிடும் ஆலைகளில் உழைத்தோருமாக ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென அறிவிக்கப்பட்ட அத்தடை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்து, 2024 ஆம் ஆண்டு யூனில் நீக்கப்பட்டது. அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தப் பிடி 18,000 தொன் மட்டுமே. 1968 ஆம் ஆண்டில் அதே கடலிற் பிடிக்கப்பட்ட கொட் மீன் எட்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டதாகும்.

இவ்வழிவுக்கு மிகையான மீன்பிடியே முதன்மைக் காரணம் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்றுக்கொள்வர். ஆயினும் இரண்டு வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. கடலில் எவ்வளவு மீன் உள்ளது என்ற கணிப்பு ஏன் அவ்வளவு தூரம் பிழைத்தது? ஒரு பெண்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும் இனமொன்று, பிடிப்பது நிறுத்தப்பட்ட பின்னரும், ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேலாக ஏன் மீளவில்லை?

இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர் மீனின் வாழ்க்கையில் மிகச் சிறியதும் மனிதர் கண்ணுக்கு எளிதில் அகப்படாததுமான ஒரு பருவத்தை நோக்க வேண்டியுள்ளது. முட்டையிலிருந்து வெளிவந்த குடம்பி இளமீனாகும் வரையிலான சில மாதங்களே அப்பருவமாகும். ஒரு மீன் குடித்தொகையின் வருங்காலம் பெரும்பாலும் இப்பருவத்திலேயே முடிவாகின்றது. ஆனால் அதனை நேரே பின்தொடர்ந்து அறிய நெடுங்காலம் வழி இருக்கவில்லை. பிறப்புரிமை அடையாளங்கள் அவ்வழியை எவ்வாறு திறந்தன, அவை கூறும் செய்தி யாது, அச்செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இலட்சத்தில் ஒன்று

கடல்மீன் வளம் வற்றாதது என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞரிடையேயும் நிலவியது. 1883 இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலக மீன்பிடிக் கண்காட்சியில் தோமஸ் ஹக்ஸ்லி கொட், ஹெரிங் முதலிய பெருங் கடல்மீன் வளங்கள் மனிதன் பிடித்துத் தீர்க்கவியலாதவை என்னும் கருத்தை வெளியிட்டார். மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கையும் இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

அம்முட்டைகளுக்கு என்ன நேர்கின்றது என்பதை முதலில் ஆராய்ந்தவர்கள் நோர்வே நாட்டவராவர். 1860களில் ஜோர்ஜ் ஒசியான் சார்ஸ் என்பவர் லொபோட்டன் தீவுகளை அடுத்த கடலில் ஆய்வு நடத்தி, கொட் மீனின் முட்டைகள் கடலடியில் ஒட்டிக் கிடப்பனவல்ல, நீரின் மேற்பரப்பை அண்டி மிதப்பன எனக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள இம்முட்டைகள் நீரோட்டத்தோடு அலைந்து, நீரின் வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரங்களிற் பொரிக்கின்றன. வெளிவரும் குடம்பி நான்கைந்து மில்லிமீற்றர் நீளமுடையது. சில நாட்களுக்கு அதன் வயிற்றோடு ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையே அதற்கு உணவு. அது தீர்ந்ததும் குடம்பி தானே இரைதேட வேண்டும். கலனஸ் போன்ற மிக நுண்ணிய மிதவுயிர்களின் இளம் பருவங்களே அதற்கேற்ற இரையாகும். அவை அவ்வேளையில் அவ்விடத்தில் இல்லையாயின் குடம்பி பட்டினியால் இறக்கும்.

1914 இல் யொஹான் ஹியோர்ட் என்னும் நோர்வே அறிஞர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகின்றது. மீனின் செதிலிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணி வயதைக் கணித்த அவரும் அவருடைய உடனாய்வாளரும், ஹெரிங் மீன்பிடியில் ஆண்டுதோறும் கிடைத்த மீன்களிற் பெரும்பகுதி 1904 ஆம் ஆண்டிற் பிறந்தவை என்பதைக் கண்டனர். அந்த ஓராண்டுத் தொகுதி பல ஆண்டுகளுக்குத் தொழிலைத் தாங்கியது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்த தொகுதிகள் மிகச் சிறியனவாயிருந்தன. முட்டையிட்ட மீன்களின் தொகையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு இதனை விளக்க முடியாது என்றும், குடம்பி முதன்முதலாக இரை தேடும் வேளையே நெருக்கடியான காலம் என்றும் ஹியோர்ட் கருதினார். பின்னர் ஆங்கில அறிஞர் டேவிட் கஷிங், குடம்பிகள் பொரிக்கும் காலமும் மிதவுயிர்கள் பெருகும் காலமும் ஒத்துவருகின்றனவா என்பதே ஆண்டுத் தொகுதியின் அளவைத் தீர்மானிக்கின்றது என இக்கருத்தை விரிவாக்கினார்.

எளிய கணக்கொன்று இதன் முக்கியத்துவத்தைக் காட்டும். ஒரு பெண் கொட் தன் வாழ்நாளில் இருபது இலட்சம் முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். குடித்தொகை கூடாமலும் குறையாமலும் இருப்பதற்கு அவற்றுள் இரண்டு மட்டும் பிழைத்து வளர்ந்து இனம்பெருக்கினாற் போதும். அதாவது பத்து இலட்சத்தில் ஒன்று. இவ்விகிதம் பத்து இலட்சத்தில் இரண்டானால் அடுத்த தலைமுறை இருமடங்காகும். பத்து இலட்சத்தில் 9,99,999 இறப்பதற்கும் 9,99,998 இறப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்த வலையைக் கொண்டும் அளக்க முடியாது. ஆனால் தொழிலின் வாழ்வும் தாழ்வும் அவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன.

3. தீராத ஒரு வழக்கு

குடம்பிப் பருவத்தை அளக்கவியலாமையின் விளைவை நோர்வேயின் தென்கரையில் நடந்த ஒரு நீண்ட விவாதம் நன்கு உணர்த்துகின்றது. 1882 இல் கப்பற் தலைவராயிருந்த குன்டர் டன்னவிக் என்பவர் அரெண்டால் நகரை அடுத்த புளோடவிகன் என்னுமிடத்திற் கொட் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் நிலையமொன்றை நிறுவினார். பொரித்த குடம்பிகளை மஞ்சட்கருப் பை நீங்குமுன் கடல்நீரேரிகளில் விட்டால் மீன்வளம் பெருகும் என்பது அவருடைய எண்ணம். 1884 முதல் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குடம்பிகள் விடப்பட்டன. ஹியோர்ட் இம்முயற்சியின் பயனை ஐயுற்றார். யார் சொல்வது சரியென அறியக் கரைவலை வீசி இளமீன்கள் எண்ணப்பட்டன. இரு தரப்பினரும் அவ்வெண்ணிக்கையைத் தத்தம் கருத்துக்கு ஆதாரமாகக் கொண்டனர். இறுதியாக, கணிசமான பயன் எதுவும் நிறுவப்படாத நிலையில், 1971 இல் குடம்பிகளை விடுவது கைவிடப்பட்டது.

ஒரு வழக்குத் தீர எண்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றதேன்? வலையில் அகப்பட்ட இளமீன் நிலையத்திற் பிறந்ததா, கடலிற் பிறந்ததா என்று சொல்ல எவராலும் முடியவில்லை. பெரிய மீனின் முதுகிலே தகட்டையோ துண்டையோ பொருத்தி அடையாளமிடலாம். நான்கு மில்லிமீற்றர் நீளமுள்ள குடம்பிக்கு அவ்வாறு செய்யவியலாது. குடம்பியின் உடலுக்குள்ளேயே பிறப்போடு வந்த அடையாளம் ஒன்று தேவைப்பட்டது. அது வளர்ச்சியோடு அழியாததாகவும், உயிரணு ஒவ்வொன்றிலும் இருப்பதாகவும் அமைய வேண்டும்.

4. புரதத்திலிருந்து கிடைத்த அடையாளம்

ஒரே பரம்பரையலகு ஓர் இனத்தின் வெவ்வேறு உயிரிகளிற் சிறிது வேறுபட்ட வடிவங்களில் அமைவதுண்டு. இவ்வடிவங்கள் எதிருருக்கள் எனப்படும். ஒவ்வோர் உயிரியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு எதிருருக்களைப் பெறுகின்றது. எந்த எதிருருவை உடையது என்பதை ஆய்வுகூடத்திற் கண்டறியக் கூடியதாயின் அப்பரம்பரையலகு ஓர் அடையாளமாகப் பயன்படும்.

1961 இல் டென்மார்க்கைச் சேர்ந்த குனுட் சிக் என்பவர் கொட் மீனின் ஈமோகுளோபின் ஒரே தன்மையதன்று, மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகரும் வகைகளையுடையது எனக் காட்டினார். நோர்வேக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே செல்லச் செல்ல இவ்வகைகளின் விகிதம் மாறுவது தொடர்ந்து வந்த ஆய்வுகளிற் புலனாயிற்று. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் கொட் மீன்கள் உண்மையிற் பல குடித்தொகைகளாகப் பிரிந்து வாழ்கின்றன என்பதற்கு இது தக்க சான்றாயிற்று.

குடம்பிகளின் பிழைப்பை அளப்பதற்கு நோர்வே ஆய்வாளர் மற்றொரு புரதத்தைத் தெரிந்தெடுத்தனர். பொஸ்போகுளுக்கோசு ஐசோமரேசு என்னும் நொதியத்தின் ஓர் எதிருரு இயற்கையான கொட் மீன்களில் மிக அரிதாகவே காணப்படும். அவ்வெதிருருவை இரட்டையாகக் கொண்ட மீன்களைத் தாய் தந்தையராகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினால், அவற்றின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதே அடையாளத்தை இரட்டையாகக் கொண்டிருக்கும். இயற்கையில் அவ்வெதிருரு நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருப்பதாகக் கொண்டால், ஒரு மீனில் அது இரட்டையாக அமையும் வாய்ப்புப் பதினாயிரத்துக்கு நான்கே. ஆகவே வலையில் அகப்படும் மீன்களில் அத்தகையவை அதனிலும் கூடுதலாகக் காணப்பட்டால், அவை எங்கிருந்து வந்தன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. விட்ட குடம்பிகளின் தொகையும், பின்னர் அகப்பட்டவற்றில் அடையாளமுள்ளவற்றின் விகிதமும் தெரிந்தால், எத்தனை பிழைத்தன என்பதைக் கணிக்கலாம். இவ்வாறு அடையாளமிட்ட மஞ்சட்கருப் பைக் குடம்பிகளை விட்டுப் பிழைப்பு விகிதத்தைக் கணித்த ஆய்வு 1997 இல் வெளியாயிற்று.

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் மேற்கு நோர்வேயின் மாஸ் நீரேரியில் இதே அடையாளமுள்ள மீன்கள், குடம்பிகளாக அன்றி வளர்த்த இளமீன்களாக, பெருந்தொகையில் விடப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி பிழைத்தது உண்மை. ஆனால் நீரேரியின் மொத்தக் கொட் விளைவு அதனாற் குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. அந்நீரேரி எவ்வளவு மீனுக்கு இரை தரக்கூடியதோ அவ்வளவே அதில் வாழ முடியும் என்பது தெளிவாயிற்று. டன்னவிக்கும் ஹியோர்ட்டும் தொடக்கிய வழக்கு பரம்பரையலகின் சாட்சியத்தால் ஒரு முடிவை அணுகியது எனலாம். அழித்த வளத்தைப் பொரிப்பகம் அமைத்து ஈடுசெய்துவிடலாம் என்னும் எண்ணம் அவ்வளவு எளிதன்று என்பதே அம்முடிவு.

5. முட்டை யாருடையது, குடம்பி எங்கிருந்து வந்தது

1980களுக்குப் பின்னர் டி.என்.ஏ. மூலக்கூற்றை நேரடியாக ஆராயும் முறைகள் வளர்ந்தன. குருதியோ தசையோ வேண்டியதில்லை. ஒரு முட்டையிலிருந்தும், காய்ந்த செதிலிலிருந்தும், செவிக்கல்லில் ஒட்டிய இழையத்திலிருந்தும் அடையாளத்தைப் பெறலாம். இதன் விளைவுகளில் இரண்டு இங்கு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, முட்டைகளை இனங்காணல். கடலிலுள்ள முட்டைகளை எண்ணி, அவற்றை இட்ட தாய்மீன்களின் தொகையைக் கணிப்பது மீன்வள ஆய்வில் வழக்கமான முறை. ஆனால் கொட், ஹடொக், வைட்டிங் ஆகிய மூன்றின் இளம் முட்டைகளும் தோற்றத்திலும் அளவிலும் ஒத்தவை. அயர்லாந்துக் கடலில் எடுக்கப்பட்ட முட்டைகளை டி.என்.ஏ. முறையாற் சோதித்த ஆய்வொன்று 2005 இல் வெளியாயிற்று. கொட் முட்டைகள் எனத் தோற்றத்தைக் கொண்டு எண்ணப்பட்டவற்றிற் பல பிற இனங்களுக்கு உரியவை என்றும், கொட் முட்டைகளின் தொகை உண்மைக்கு மேலாக மதிப்பிடப்பட்டிருக்கக்கூடும் என்றும் அது காட்டியது. கணிப்புப் பிழைப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாவது, குடம்பிகளின் பிறப்பிடத்தை அறிதல். நோர்வேக்கும் டென்மார்க்குக்கும் இடையிலுள்ள ஸ்ககராக் கடற்கரையிற் பிடித்த கொட் குடம்பிகளின் டி.என்.ஏ.யை, சுற்றுப்புறக் குடித்தொகைகளின் வளர்ந்த மீன்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2004 இல் வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டுக் குடம்பிகள் பெரும்பாலும் உள்ளூர்க் குடித்தொகைக்கு உரியன. 2001 ஆம் ஆண்டின் குடம்பிகளோ பெரும்பாலும் வடகடலில் இருந்து வந்தவை. அவ்வாண்டில் வடகடல் நீர் மிகுதியாக ஸ்ககராக்கினுள் பாய்ந்திருந்தது. 2001 இற் கரையோரத்திற் குடம்பிகளை மட்டும் எண்ணிய ஒருவர் உள்ளூர்க் குடித்தொகை செழிப்பாக இருக்கின்றது என்ற தவறான முடிவுக்கு வந்திருப்பார். வேறிடத்திலிருந்து வந்த மீன் கரையோரக் குடித்தொகையின் இழப்பை மறைத்துவிடக் கூடும்.

நியூபவுண்லாந்திலும் இத்தகைய உண்மை வெளிப்பட்டது. குளிர்காலத்தைக் கரையோரக் குடாக்களிற் கழிக்கும் கொட் மீன்கள் அப்பாலுள்ள ஆழ்கடற் கொட் மீன்களிலிருந்து பிறப்புரிமை வகையில் வேறுபடுகின்றன என்பதை 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. நிருவாகத்தினர் ஒரே தொகுதியாகக் கருதி ஒரே அளவுத் தொகையை விதித்த அவ்வளம், உண்மையில் பல தொகுதிகளின் கூட்டாயிருந்தது. இழுவைப்படகுகள் ஆழ்கடலில் மீன் திரளும் இடங்களைத் தேடித் தேடிப் பிடித்ததால், வளம் குறைந்துகொண்டிருந்த காலத்திலும் அவற்றின் பிடி குறையவில்லை. 1980களிற் கரையோரச் சிறு தொழிலாளர் தம் பொறிகளில் மீன் குறைவதையும் சிறுப்பதையும் கண்டு முறையிட்டனர். அம்முறைப்பாடு உரிய காலத்திற் செவிமடுக்கப்படவில்லை.

6. சிலரே பெற்றோர்

பிழைப்பு ஒவ்வொரு முட்டைக்கும் சமமாக வாய்க்கின்றதா என்பது அடுத்த வினா. அமெரிக்க அறிஞர் டெனிஸ் ஹெட்ஜ்கொக் 1994 இல் இதற்கு எதிரான கருத்தொன்றை முன்வைத்தார். சரியான இடத்திலும் சரியான வேளையிலும் முட்டையிட வாய்த்த சில மீன்களின் வழித்தோன்றல்களே பெருந்தொகையிற் பிழைக்கின்றன. பிறவற்றின் முட்டைகள் முற்றாக அழிகின்றன. குலுக்குச் சீட்டில் ஒருவருக்கே பரிசு கிடைப்பதை இதற்கு அவர் உவமையாக்கினார். இது உண்மையாயின், கோடிக்கணக்கில் மீன் உள்ள கடலிலும் அடுத்த தலைமுறைக்கு உண்மையிற் பங்களிக்கும் பெற்றோர் மிகச் சிலராகவே இருப்பர்.

நியூசிலாந்தின் தஸ்மன் குடாவிலுள்ள சினப்பர் மீன்கள்பற்றி 2002 இல் வெளியான ஆய்வு இதற்கு ஆதரவளித்தது. 1950 முதல் சேமித்து வைத்த செதில்களின் டி.என்.ஏ.யை ஆராய்ந்ததில், அக்குடித்தொகையின் பிறப்புரிமை வேறுபாடு குறைந்து வந்தது தெரிந்தது. இலட்சக்கணக்கான மீன்களைக் கொண்ட அக்குடித்தொகை, பிறப்புரிமை வகையில் மிகச் சில மீன்களைக் கொண்ட ஒன்றைப் போலவே நடந்துகொண்டது. வடகடற் கொட்டின் பழைய செவிக்கற்களைச் சோதித்தபோதும் 1954க்கும் 1970க்கும் இடையில் வேறுபாடு குறைந்திருந்தமை காணப்பட்டது.

எனினும் எல்லாச் சான்றுகளும் ஒரே திசையிற் செல்லவில்லை. நோர்வேயில் 1907 இலும் கனடாவில் 1940 இலும் சேமித்த கொட் மீன்களின் முழு டி.என்.ஏ. தொகுதியையும் இக்காலத்து மீன்களுடையதோடு ஒப்பிட்ட ஆய்வு 2021 இல் வெளியாயிற்று. கடும் மீன்பிடிக்கு ஆளான போதிலும் பிறப்புரிமை வேறுபாடு பெரிதும் இழக்கப்படவில்லை என்பதே அதன் முடிவு. கொட் மீன் மீளுவதற்கான உள்ளார்ந்த ஆற்றல் இன்னும் அழிந்துவிடவில்லை என்பதால் இம்முடிவு நம்பிக்கை தருவதாகும். அதே வேளையில், அவ்வாற்றல் இருந்தும் மீன் மீளாமைக்குக் காரணத்தைச் சுற்றாடலிலும் மீன்பிடி முறையிலுமே தேடவேண்டும் என்பதையும் அது உணர்த்துகின்றது.

7. அடையாளத்தின் வரம்புகள்

அடையாளத்தை வைத்துப் பிழைப்பை அளக்கும் முறை ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது. அடையாளமாகக் கொண்ட எதிருரு மீனின் பிழைப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதே அது. குறிப்பிட்ட எதிருருவை உடைய குடம்பி அதன் காரணமாகவே விரைவில் இறக்குமாயின், நாம் அளப்பது பிழைப்பையன்று, அளவுகோலின் குறையையே. ஈமோகுளோபின் வகைகள் ஒட்சிசனைப் பற்றும் ஆற்றலில் நீரின் வெப்பநிலைக்கேற்ப வேறுபடுகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் கூறின. இயற்கைத் தேர்வுக்கு உட்படும் ஓர் இயல்பைக் குடித்தொகைகளின் பிரிவுக்கு மட்டுமான சான்றாகக் கொள்ளலாமா என்ற ஐயம் இதனால் எழுந்தது.

பன்டோபைசின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகின் வரலாறும் இத்தகையதே. இதன் ஓர் எதிருரு ஆழமற்ற கரையோரக் கொட்டிலும் மற்றையது ஆழ்நீரில் இடம்பெயரும் கொட்டிலும் மிகுந்து காணப்படும். ஐஸ்லாந்தில் ஆழமற்ற நீரிற் செறிவாக நடக்கும் மீன்பிடி முதல் வகையை அழித்து வருகின்றது என்றும், அதனால் அத்தொழில் விரைவில் வீழ்ச்சியடையக்கூடும் என்றும் 2009 இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. அவ்வீழ்ச்சி நிகழவில்லை, பிடிக்கும் விகிதம் குறைக்கப்பட்டபின் ஐஸ்லாந்துக் கொட் வளம் பெருகிற்று. அப்பரம்பரையலகு தனித்து நிற்பதன்று, நிறமூர்த்தத்தில் தலைகீழாகத் திரும்பி அமைந்த ஒரு பெரும் பகுதியினுள் நூற்றுக்கணக்கான பிற பரம்பரையலகுகளோடு சேர்ந்தே கடத்தப்படுகின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

மேலும், அடையாளமுள்ள குடம்பி வலையில் அகப்படாமை அது இறந்ததற்குச் சான்றாகாது. நீரோட்டம் அதனை வேறிடத்துக்குக் கொண்டு சென்றிருக்கலாம். ஆகவே பிறப்புரிமையியலாளர் கடலியலாளரோடும், கடலை நாளும் காணும் தொழிலாளரோடும் சேர்ந்தே முடிவுக்கு வரவேண்டியுள்ளது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மீன்வள நிருவாகத்துக்கு மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, ஒரு கடலிலுள்ள மொத்த மீனின் எடை அவ்வளத்தின் பாதுகாப்புக்குப் போதிய அளவுகோலன்று. அவ்வெடை எத்தனை தனித்தனிக் குடித்தொகைகளாற் பகிரப்பட்டுள்ளது என்பதும் அறியப்பட வேண்டும். ஒன்று அழிந்தால் மற்றொன்று அவ்விடத்தை நிரப்பும் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது, தாய்மீன்கள் யாவும் ஒரே பெறுமதியுடையன அல்ல. பெரிய, வயது முதிர்ந்த பெண் கொட் மிகுதியான முட்டைகள் இடுவதோடு, அம்முட்டைகளும் குடம்பிகளும் பெரியனவாகவும் பிழைக்கும் ஆற்றல் கூடியனவாகவும் இருக்கும் என ஐஸ்லாந்து ஆய்வுகள் காட்டியுள்ளன. பிழைப்பு ஒரு குலுக்குச் சீட்டுப் போன்றதாயின், நீண்ட காலத்துக்குப் பல வேளைகளில் முட்டையிடும் முதிய மீன் ஒவ்வொன்றும் பல சீட்டுகளைக் கையில் வைத்திருப்பதற்கு ஒப்பாகும். சந்தையில் கூடிய விலை பெறும் அம்மீனையே இழுவைப்படகு முதலில் அள்ளிச் செல்கின்றது.

மூன்றாவது, தீமை ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. குடம்பிப் பருவத்தில் ஏற்பட்ட இழப்பு வலையில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் இலாபம் ஈட்டியோர் வேறு கடலையும் வேறு தொழிலையும் நாடிச் செல்லலாம். கரையில் வாழும் தொழிலாளருக்கு அவ்வாறு செல்ல வழியில்லை. நியூபவுண்லாந்தின் கடற்றொழிற் கிராமங்கள் இதனை அனுபவத்தில் அறிந்தன.

எமது கடல்களிலுள்ள அறக்குளா, சூரை முதலியனவும் நீரில் முட்டைகளை மிதக்க விடும் இனங்களே. அவற்றின் குடம்பிகளும் கண்ணுக்குப் புலப்படாத அதே நெருக்கடியைக் கடந்தே மீனாகின்றன. வளம் வற்றாதது என்று 1883 இற் கூறப்பட்டதைப் பொய்யாக்க நெடுங்காலம் தேவைப்படவில்லை. ஒரு துளி இழையத்திலிருந்து ஒரு குடம்பியின் பிறப்பிடத்தையும் பெற்றோரையும் அறியும் ஆற்றல் இன்று அறிவியலுக்கு உண்டு. அவ்வறிவு பிடியின் அளவைத் தீர்மானிக்கும் இடத்தை உரிய வேளையில் அடைய வேண்டும். கடலை நம்பி வாழ்வோர் அதனை அறியவும் அதன்வழி முடிவெடுப்பதிற் பங்குகொள்ளவும் வேண்டும். அவ்வாறில்லையேல், அது நடந்துமுடிந்த ஓர் அழிவுக்குக் காரணம் கூறும் அறிவாக மட்டுமே எஞ்சும்.